வேலை இழந்தவர் மீது ஒரு பொறாமை

வேலை பறிபோன ஒருவரைப் பார்த்து, வேலையில் இருப்பவர் பொறாமைப்பட முடியுமா? சென்ற நவம்பரில், டெல்லி கரோல் பாகில் நான் பணியாற்றும் தனியார் வங்கிக் கிளையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்தக் கேள்வியை என் முன் வைத்தது. முடியும் என்பதே நான் கண்ட விடை.

அங்கே நான் ஒப்பந்த அடிப்படையில் அதிகாரியாக இருக்கிறேன். டிசம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடுவார்கள். மத்திய அரசு ஊழியரான அப்பா மார்ச்சில் ஓய்வு பெற இருந்தார். அதன் பிறகு கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பை நாங்கள் காலி செய்தாக வேண்டும். வெளியே வாடகைக்கு வீடு பிடிப்பதென்றால் என் சம்பளத்தை நம்பித்தான். ஆகவே அந்த டிசம்பரை நினைத்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிளையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கதவைத் திறக்கும் முன் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். அன்றைக்கு எத்தனை காப்பீட்டு பாலிசிகளை விற்கப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். "போலோ, போலோ, ஜல்தி!" என்று மேலாளர் விரலைச் சொடுக்கி அவசரப்படுத்துவார். குறைத்துச் சொன்னால், "இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே, மேடம்?" என்பார். அந்த வசனத்தை நான் பலமுறை வாங்கியிருக்கிறேன்.

ஒரு முறைகூட வாங்காதவர் என் பக்கத்து மேசைப் பெண்மணி. அவரும் தமிழர், என்னைவிடச் சற்று மூத்தவர். காலையில் சொன்னதை மாலைக்குள் முடித்துவிடுவார். மேலாளர் அவரைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார், "ஸ்டார்" என்பார். தன் வீட்டு ராஜ்மா குழம்பில் ஒரு பங்கை அவருக்கென்று எடுத்துவைப்பார். அந்தப் பெண்மணியின் கணவருடைய அரசுக் குடியிருப்பு லோதி ரோட்டில். அங்கிருந்து ஸ்கூட்டரில் கசங்காமல் வந்து இறங்குவார். நானோ ராஜீவ் சௌக்கில் மெட்ரோ மாறி, நெரிசலில் துப்பட்டாவை மீட்டுக்கொண்டு வந்து சேர்வேன். எங்கள் குடியிருப்புப் பகுதித் தமிழ்ப் பெரியவர்கள்கூட என்னைத் தாண்டி அவரிடம்தான் போவார்கள். இந்தப் பெண் ஒரு நாளாவது தோற்க வேண்டும் என்று நான் மனதார விரும்பியதுண்டு.

நவம்பர், ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதைப் பதிவுசெய்ய வங்கிக்கு வரும் மாதம். கைரேகைக் கருவியில் விரலை வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த முறை மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஓர் உத்தரவு வந்தது: முதலில் பாலிசி பற்றிப் பேச வேண்டும், பிறகுதான் கருவியை எடுக்க வேண்டும். பதிவு தடைப்பட்டு ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் சிலராவது வாங்கிவிடுவார்கள் என்பதுதான் எண்ணம். யாரும் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. புரியாதவரும் எங்களில் இல்லை.

மண்டலத் தலைவர் வந்திருந்த ஒரு காலையில் வழக்கம்போல வட்டம் கூடியது. என் முறை வந்தபோது, நடக்காது என்று தெரிந்தே "நான்கு" என்றேன். அடுத்து அவர்.

"பூஜ்யம், சார்."

மேலாளர் சிரித்துவிட்டார். "மஜாக் மத் கரோ, ஸ்டார்."

விளையாட்டில்லை என்று அவர் இந்தியில் நிதானமாகச் சொன்னார். உயிருடன் இருக்கிறேன் என்று சொல்ல வருகிறவரைப் பயமுறுத்தித் தன்னால் எதையும் விற்க முடியாது. முதலில் கைரேகை, பிறகு அவர்களுக்கு விருப்பமிருந்தால் பேச்சு என்றார்.

மண்டலத் தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரை அறைக்குள் அழைத்துப் போனார். மதியத்துக்குள் ராஜினாமா வாங்கப்பட்டு, அடையாள அட்டையும் பறிக்கப்பட்டுவிட்டது.

நான் விரும்பியது நடந்துவிட்டது. ஆனால் மகிழ்ச்சி வரவில்லை. பொறாமைதான் இன்னும் கூடியது. அவர் சொன்ன அதே சொற்கள் பல நாட்களாக என் மனதில் உருண்டுகொண்டிருந்தன. அவற்றையும் அவரே தட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்கூட்டர் நிற்கும் இடம் வரை அவர் பின்னாலேயே போனேன்.

"என்னடீ, மூஞ்சி இப்படித் தொங்குது? வேலை போனது எனக்குடீ!"

"உங்களைப் பார்த்தா பொறாமையா இருக்குக்கா."

"அரே! கண்ணு போட உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"நானும் அதையேதான் நினைச்சேன். வாயே வரல."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "இதோ பாரு, என்னைப் பெரிய தியாகி ஆக்கிடாதே. எங்க வீட்டுக்காரருக்கு சர்க்கார் வேலை, இருக்க வீடு. அதனாலதான் எனக்கு வாய் வந்துது. நீ சொல்லியிருந்தா உங்கப்பா அம்மா எங்க போவாங்க?" ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டவர், கிளம்பும் முன் சொன்னார்: "நிஜமாச் சொன்னா, எனக்கும் இப்ப உன் மேல பொறாமைதான். நாளைக்குக் காலைல எழுந்து போக உனக்கு ஒரு இடம் இருக்கு."

அன்று மெட்ரோவில் நின்றபடியே யோசித்தேன். நேர்மையாகப் பேசுவதற்கும் ஓர் அரசுக் குடியிருப்பு தேவை என்றால், அது இல்லாதவர்கள் என்ன செய்வது? வேலையை விட்டால் வீட்டுக்குக் கேடு. சொன்னபடி செய்தால் அந்த முதியவர்களுக்குக் கேடு. இரண்டையும் எத்தனை முறை எடைபோட்டும் முள் எந்தப் பக்கமும் சாயவில்லை.

மறுநாள் அவருடைய வாடிக்கையாளர்களை என் மேசைக்குத் திருப்பிவிட்டார்கள். முதலில் வந்தவர் கிட்வாய் நகரில் எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் முன்பு குடியிருந்த பெரியவர்.

"என்னம்மா, நான் உசுரோட இருக்கேன்னு என்னைப் பார்த்தா தெரியலையா? மிஷின் வேற சொல்லணுமா?"

வட்டத்தில் நின்று நான் சொன்ன எண்ணிக்கையும், மேலாளர் கண்ணாடி அறைக்குள் இருப்பதும் நினைவில் இருக்கத்தான் செய்தன. ஆனாலும் கை தானாகக் கருவியை எடுத்தது. தேய்ந்துபோன விரல், பதியவில்லை. ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, ஒருவழியாகப் பதிவானது. ரசீதை அவர் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"வேலை முடிஞ்சுது மாமா. இப்ப ஒரு பாலிசி பத்திச் சொல்லணும். கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம்."

"சொல்லும்மா, அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்" என்று முழுவதும் கேட்டார். "இந்த வயசுல இதை எடுத்தா எமனுக்குத்தான் கமிஷன்" என்று சிரித்தபடி எழுந்து போனார்.

மேலாளர் வெளியே வந்துவிட்டார். "மேடம், முதலில் எது, பிறகு எது?"

"வரிசை நீளம் சார். கைரேகையைச் சட்டென்று முடித்தால் இன்னும் பத்துப் பேரிடம் பேசலாம்."

நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வரிசையை எட்டிப் பார்த்துவிட்டு, "டீக் ஹை, சரி" என்று திரும்பிவிட்டார்.

டிசம்பரில் ஒப்பந்தம் கிடைத்தது. வழக்கமான ஓராண்டுக்கு அல்ல, ஆறு மாதத்துக்கு மட்டும். பயம் போகவில்லை. அவர்மீதுள்ள பொறாமையும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மேசைக்கு யார் எதற்காக வந்தாலும், அவர்கள் வந்த காரியத்தை முதலில் முடித்துக் கொடுக்கிறேன். நான் விற்க வேண்டியதை அதற்குப் பிறகே பேசுகிறேன்.