அளந்துவிட்டுத் தூக்குவோம்

போன வாரம் புது மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் ஒயர்களின் ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் அம்மா, பெட்டிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

எனக்கு அந்த வாசனை என்றால் ஏம்பலம் ஊர்தான் நினைவு. ஐ.டி.ஐ. முடித்து வில்லியனூரில் ஒரு மோட்டார் கடையில் சேர்ந்த புதிது. கடைக்காரர் வெளியூர் போயிருந்த நாளில், ஏம்பலம் தனகோடி அக்காவின் போர் மோட்டார் ஓடவில்லை என்று ஆள் வந்தது. அக்கா தனியாளாக நின்று நெல் வைத்தவர். கதிர் வெளியே வரும் நேரம். நிலமோ வெடிக்கத் தொடங்கியிருந்தது. மோட்டாரைக் குழாய்க் கிணற்றின் ஆழத்திலிருந்து தூக்கி, புதிதாகக் காயில் சுற்றக் கொடுத்தால், திரும்பி வருவதற்குள் எல்லாம் பதராகிவிடும். கடையின் மீட்டரை எடுத்துக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன். என்ன தைரியமோ!

அங்கே போனால் மோட்டாரைத் தூக்க முக்காலி நட்டு, சங்கிலி மாட்டி, தேங்காயும் உடைத்தாகிவிட்டது. அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் மோட்டார் சுற்றாமல் உறுமினால் முதல் வேலை தூக்குவதுதான். தேங்காய் உடைத்துவிட்டுத் தூக்காமல் போனால் ஆகாது என்பார்கள். தூக்கும் ஆட்களின் மேஸ்திரி ஏழுமலை அண்ணன் டெஸ்டரை நீட்டினார்.

"ஸ்டார்ட்டர அழுத்திப் புடிச்சா மூணு பேஸும் எரியுது. மோட்டார்தான் அவுட்டு. நீ இன்னா புதுசா பாக்கப்போற?"

"எரியறது வேற, முழுசா வர்றது வேறண்ணா. அளந்துட்டுத் தூக்கலாம்."

"தேங்கா ஒடச்சாச்சு பாப்பா!"

அக்கா குறுக்கே வந்தார். "அத நான் சட்னிக்கு வெச்சிக்கிறேன். நீ அள, பாப்பா."

சிவப்பு ஒயர் வோல்ட் துளையில்தான் இருக்கிறதா என்று பார்த்தேன். ஆம்ப் துளையில் இருந்து லைனைத் தொட்டால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். குமிழை ஏ.சி. வோல்ட்டின் உச்சத்தில் வைத்தேன். ரப்பர் செருப்போடு காய்ந்த பலகை மேல் ஏறினேன். கம்பி முனைகளில் விரல் படாமல் பிடித்தேன். எல்லாம் சரி, பயத்தில் விக்கல்தான் நிற்கவில்லை. ஆட்கள் சிரித்தார்கள்.

ஏழுமலை அண்ணன் ஸ்டார்ட்டரை அழுத்த, இரண்டிரண்டு லைனாகத் தொட்டேன். முதல் ஜோடி நானூறு வோல்ட்டைத் தாண்டியது. மற்ற இரண்டும் அதில் பாதிதான். அப்படியானால் ஒரு லைன் வரவேயில்லை. டெஸ்டரை எரிய வைத்தது மோட்டார் சுருள் வழியாகத் திரும்பி வந்த கரண்ட். விக்கல் பட்டென்று நின்றது.

மெயினை அணைத்தேன். கரண்ட் இல்லை என்று அளந்து பார்த்த பிறகே பியூஸ் கட்டைகளைப் பிடுங்கினேன். மீட்டரை ஒலிக்கு மாற்றித் தொட்டால் இரண்டு கட்டைகள் 'பீப்' என்றன; மூன்றாவது ஊமை. பீங்கானுக்குள் கம்பி அறுந்து கிடந்தது. சரியான கம்பி கட்டி, மெயினைப் போட்டு மறுபடி அளந்தேன். மூன்று ஜோடியும் நானூறுக்கு மேலே நின்றன.

"போடுங்கண்ணா!"

குழாய் இருமியது, சேற்றைக் கக்கியது, பிறகு தண்ணீர் பீறிட்டது. அக்கா கட்டிய புடவையோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பலகையிலிருந்து இறங்கவே மனமில்லாமல் மகாராணி மாதிரி நின்றேன்.

ஏழுமலை அண்ணன் சங்கிலியைக் கழற்றினார். "நாளைக்குக் கரிக்கலாம்பாக்கத்துல ஒண்ணு தூக்கணும். மொதல்ல நீ வந்து அளந்துடு பாப்பா."

போனேன். அதன்பின் பல ஊர்களுக்குப் போனேன். இன்று பண்டசோழநல்லூர் வரைக்கும் கேட்டுப் பாருங்கள், அளக்காமல் யாரும் மோட்டாரில் கை வைப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூக்கும் அந்த வழக்கம் அடியோடு போய்விட்டது. போனதையெல்லாம் நினைத்துப் பெருமூச்சு விடுகிற வயதுதான் எனக்கும். ஆனால் இதற்கு விட மாட்டேன். இதைத் துரத்தியவர்களில் நானும் ஒருத்தி.