ஹம்சா பாயின் முடிச்சு

அமீர் ஹம்சா என் கவிதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "தாள் நல்ல தாளுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது நடந்து மூன்று வருஷமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகையால் இதில் நான் அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுதியிருந்தால், வேறு வழியில்லாமல் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் அவருக்குப் புத்தகம் பைண்டு செய்கிற தொழில். சொந்தக் காசைப் போட்டுப் புத்தகம் அச்சிடுகிற பைத்தியங்கள் இந்த ஜில்லாவில் எத்தனை பேர் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனைமலையில் ஒரு மாட்டு வைத்தியர், மாட்டுக்கு வரும் நாற்பது நோய்களையும் விருத்தத்தில் பாடியிருந்தார். மதுக்கரையில் ஒரு தபால்காரர் காசிக்குப் போய்வந்து, வழியில் தின்றதை மட்டும் இருநூறு பக்கம் எழுதினார். கிணறு வெட்ட இடம் பார்ப்பது பற்றி ஒருவர், புளியமரத்துப் பேய் பற்றி ஒருவர். மில்லில் டைம்கீப்பராக இருக்கும் பாலுசாமியாகிய நான், மில் சங்கைப் பற்றி நூறு வெண்பா. எல்லாம் அச்சாபீசிலிருந்து ஹம்சா பாயிடம்தான் மடிக்கவும் தைக்கவும் வரும். அவர் மடிக்கும்போதே படித்துவிடுவார்.

பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு அன்னூர்ச் சந்தைக்குப் போவார். அங்கே அவர் வியாபாரம் செய்கிற விதம் வேறெங்கும் நான் பார்க்காதது. புத்தகத்தின் பின்பாதியை நூலால் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டிருப்பார். நூல், எங்கள் மில் கழிவு; நான் கொடுப்பதுதான். ஒரு வாரம் சும்மா எடுத்துக்கொண்டு போய் முன்பாதியைப் படிக்கலாம். மேலே படிக்காமல் இருக்க முடியாது என்று தோன்றினால் நூலை அறுக்க வேண்டும். அறுத்தால் புத்தகம் உங்களுடையது, காசைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அறுக்காமல் திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்கமாட்டார்.

யாருக்கு எது என்பதில் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. மாட்டு வைத்தியப் புத்தகத்தை ஒரு புது மாப்பிள்ளையிடம் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "பொறுமையப் பத்தி இதைவிட ஆரும் நல்லா எழுதினதில்லீங்க" என்றார். அவன் மறுவாரமே நூலை அறுத்துவிட்டு வந்தான். காசிப் புத்தகம், வயிறு சரியில்லாமல் கஞ்சி மட்டுமே குடித்துக்கொண்டிருந்த ஒரு மிட்டாதாரரிடம் போனது. அதுவும் அறுந்தது. என் வெண்பா மட்டும் பத்துக்குப் பத்தும் முடிச்சுக் கலையாமல் திரும்பி வந்தது.

இப்படி இருக்கையில்தான் குழந்தையம்மாளின் துப்பறியும் நாவல் வந்தது. 'காணாமற்போன காங்கேயங் காளை' என்று பெயர். அன்னூர் பக்கம் நூறு ஏக்கர் தோட்டக்காரரான சென்னிமலைக் கவுண்டரின் மருமகள் அவள். புருஷன்தான் அச்சுக்குக் கொடுத்தான். ஹம்சா பாய் அதை மடித்து முடித்துவிட்டு என்னிடம், "உங்க மில் சங்கப் பத்தி இந்தம்மிணி எழுதியிருந்தா, அதுங்கூட நல்லா வந்திருக்குமுங்க" என்றார். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

கவுண்டருக்கோ கோபம். அட்டையில் ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருந்தன. நடுச்சந்தையில் ஹம்சா பாயிடம் வந்து நின்றார்.

"ஏனுங்க பாய், எங்க ஊட்டுப் பேரு கதைப் பொஸ்தகத்து மேல திரியுதுங்க. மூணு சந்தை பாக்கறேன். ஒரு நூலாவது அறுந்து வந்தாச் செரி. இல்லாட்டி மிச்சமிருக்கறது அத்தனையும் பொரிக்கடைக்குப் பொட்டலங் கட்டப் போயிரும். அப்பறம் அந்தம்மிணி பேனாவத் தொடக்கூடாது. இது என் வாக்குங்க."

இதைச் சந்தையே கேட்டது. அங்கேதான் வினை வந்தது. எங்கள் பக்கத்து மரியாதை எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரருக்குப் புரியாது. கவுண்டர் வீட்டு விவகாரத்தில் நூலை அறுத்தால், மாமனாருக்கு எதிராக மருமகள் பக்கம் போய் நின்றதாக ஆகிவிடும். அந்தப் பாவத்தை யார் கட்டிக்கொள்வது? பத்துப் பேரும் ஆசையாகத்தான் வாங்கிப் போனார்கள். மூன்றாம் சந்தைக் காலைக்குள் பத்தும் நூலோடு திரும்பி வந்துவிட்டது. "நேரமில்லீங்க", "கண்ணு தெரியலீங்க" என்று ஆளுக்கொரு சமாதானம்.

ஹம்சா பாய் பிரதிகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல ஒண்ணுகூட நான் போட்ட முடிச்சில்லீங்க."

நான் குனிந்து பார்த்தேன். ஒன்றில் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுகிற முடிச்சு. ஒன்றில் நீர் இறைக்கும் கயிற்றில் போடுகிற முடிச்சு. மூன்றில் பூத்தொடுக்கிற முடிச்சு. பெண்கள் அவிழ்த்துப் படித்துவிட்டு, கைப்பழக்கத்தில் அப்படியே கட்டியிருக்கிறார்கள். பத்துப் பேரும் கடைசிவரை படித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போலக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

"இது மில் முடிச்சுங்க" என்று கடைசிப் பிரதியை எடுத்து என் முன்னால் வைத்தார். இழை அறுந்தால் மில்லில் போடுகிற சின்ன முடிச்சு. நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் அதை எடுத்துப் போனேன். ஒரு குற்றமும் அகப்படவில்லை. ஒரே மூச்சில் படித்தேன். பொறாமையில் எனக்கு வயிறு எரிந்தது. அதற்காக ஊரில் யாரிடமும் ஒப்புக்கொள்ள முடியுமா?

"கவுண்டர்கிட்ட நீங்களே முடிச்சுகளைக் காட்டிச் சொல்லிப்போடுங்க" என்றேன்.

"ஆரு எதைப் படிச்சாங்கன்னு நாஞ் சொல்றதில்லீங்க. சொன்னா அந்தப் பத்துப் பேரும் தலைகுனிஞ்சு போவாங்க. அவங்களாச் சொன்னாத்தானுண்டு."

அதற்குள் கவுண்டரின் வண்டி வந்துவிட்டது. பின்னால் புத்தகக் கட்டுகள். கட்டுகளுக்கு நடுவில் குழந்தையம்மாள். வீட்டில் இருந்திருக்கலாம், வரவேண்டும் என்று வந்திருக்கிறாள். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அடுத்த கதை அது என்று புருஷன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

"அறுந்துச்சுங்களா பாய்?"

"இல்லீங்க" என்றார் ஹம்சா பாய். வேறு என்ன சொல்வார், உண்மையில் ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

குழந்தையம்மாள் நோட்டை மூடினாள். கவுண்டர் அங்கேயே நின்று, எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பொரிக்கடைக் கந்தப்பன் வந்து முதல் கட்டை இறக்கி வைத்தான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நூறு வெண்பா திரும்பி வந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதுவாவது நியாயமாகத் திரும்பி வந்தது.

"நான் படிச்சேனுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "முச்சூடும் படிச்சேனுங்க. அவுத்துப் படிச்சுப்போட்டு மறுக்காக் கட்டிட்டேன். ரெண்டு தடவை."

எண்ணெய்ச் செக்கு அங்கப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

"நானுந்தானுங்க" என்றான்.

பூக்கார ராசாத்தாள் எழுந்தாள். "எங்கூட்ல ஏழு பேருங்க. எம்பொண்ணு படிச்சுச் சொல்லச் சொல்லக் கேட்டோம். வெறகு வைக்க மறந்து ஒலைத்தண்ணி அப்படியே ஆறிப்போச்சுங்க."

அப்புறம் ஆளாளுக்குப் பேச்சு. படித்ததை மூன்று வாரம் வயிற்றில் அடக்கி வைத்திருந்தவர்களை யார் நிறுத்துவது? கடைசி அத்தியாயம் சரியா தப்பா என்று சண்டையே வந்துவிட்டது. "எனக்கு முன்னாலயே தெரியுமுங்க, காளைய ஓட்டிட்டுப் போனது அந்த..." என்று அங்கப்பன் ஆரம்பித்தான்.

"நிறுத்துங்க" என்றார் கவுண்டர். "நான் இன்னும் அங்க வரலீங்க."

வீட்டிலேயே அத்தனை பிரதி அடுக்கி இருக்கும்போது ஒன்றைப் பிரிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் ஊர் நடுவில் வாக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து அவரை அவிழ்த்துவிட வேறொருவன் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவர் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கந்தப்பன் இறக்கிய கட்டைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றினான். குழந்தையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"ஏனுங்க மாமா, எதுவரைக்கும் வந்திருக்கறீங்க?"

கவுண்டர் அவள் பக்கம் திரும்பாமல் மாட்டுக் கயிற்றைச் சரிசெய்தார். "தரகன் வீட்டுல தடம் பாக்கற எடம், அம்மிணி."

"அவன நம்பீராதீங்க மாமா. அவன்..."

"சொல்லாத. நானே பாத்துக்கறேன்" என்றார். "நீ அடுத்ததை எழுது."