ஏப்ரல் வரை அரசாங்கத்துக்கு

பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டும் அந்த மனிதருக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் காலண்டர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் வள்ளென்று விழுவார்.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். சம்பளத்தில் பிடிக்கிற வரி போதாதென்று பெட்ரோலில், சோப்பில், மாத்திரையில், காலில் போடுகிற செருப்பில்கூட வரி. எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஜனவரி முதல் ஏப்ரல் முடிய அவர் உழைப்பது முழுக்க அரசாங்கத்துக்கு. மே மாதத்திலிருந்துதான் அவருக்கு. அன்றைக்கு ஏறிய எரிச்சல் இறங்கவே இல்லை.

அதோடு விட்டாரா? வருடத்துக்கு இருபது நாள் லீவு. அத்தனையையும் ஏப்ரலுக்குள் எடுத்துத் தீர்க்க ஆரம்பித்தார். "அவன் நாள்ல நான் எதுக்கு மாடா உழைக்கணும்?" அரசாங்கத்தின் தலையில் மிளகாய் அரைத்துவிட்டதாக நினைப்பு. இப்படி ஒரு ஆள் இருப்பதே அரசாங்கத்துக்குத் தெரியாது. மனைவிக்குத்தான் தெரியும். அந்த இருபது நாளும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மின்விசிறிச் சத்தத்திலிருந்து அவள் நடக்கிற சத்தம் வரை எல்லாவற்றுக்கும் எரிந்து விழுவார்.

செப்டம்பரில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். "பயமா இருக்கு. நீங்க கூட இருங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

சூப்பர்வைசர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "லீவு ஒண்ணுகூட இல்லையேண்ணே. எல்லாத்தையும் ஏப்ரல்லயே முடிச்சிட்டீங்க. சம்பளம் இல்லாம வேணா மூணு நாள் எடுத்துக்குங்க."

அங்கேயே சரியென்று தலையாட்டியிருக்க வேண்டும் இந்தப் புண்ணியவான். வீட்டுக்கு வந்து முணுமுணுத்தார். "மூணு நாள் சம்பளம் போயிடும். செப்டம்பர் என் நாளு."

அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வரி வாங்கறவனாவது நாலு மாசத்தோட விட்டான். நீங்க என் வருஷம் பூராவும் எடுத்துக்கிட்டீங்க. நான் ஒரு நாள் கணக்குக் கேட்டிருக்கேனா?"

பையை மூடிவிட்டு, துணைக்கு வரச் சொல்லித் தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

ஆபரேஷன் நடந்த மூன்று நாளும் அவர் லேத்தின் முன்னால் நின்றார். மாதக் கடைசியில் அந்த மூன்று நாள் சம்பளத்திலும் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.