நாலாம் எண் பனியன்

நம் தேசிய விளையாட்டு எது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. எங்கள் சங்கத்துக்கு அந்தக் குழப்பம் வந்ததே இல்லை. கபடிதான். ஆகவே தேசிய விளையாட்டின் புகழ் மண்டபமும் அருங்காட்சியகமும் செங்கல்பட்டில், சங்கக் கட்டடத்தின் பின்னறையில் அமைந்தன. முன்பு அங்கே சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். இன்றும் சுவரில் சாய்ந்தால் சட்டை வெளுக்கும்.

உள்ளே கைப்பிடி போன கோப்பைகள், கணுக்கால் பட்டைகள், ஓர் ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் மண். அது கேளம்பாக்கத்தில் நாங்கள் பயிற்சி செய்த மைதானத்து மண். மைதானத்தின் மீதிப் பகுதி இப்போது அடுக்குமாடிகளுக்கு அடியில் இருக்கிறது.

மண்டபத்தின் வரலாற்றையும், படங்களுக்குக் கீழே வைக்கும் அட்டைகளையும் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. "நான் நகைச்சுவை எழுதறவன்" என்றேன். "ரெண்டும் தமிழ்தானே சார்" என்றார் செயலாளர்.

ஒருநாள் அவர் ஒரு பழைய படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார். மாமல்லபுரத்து மணல் ஆடுகளத்தில் நாங்கள் கோப்பை வென்ற மாலை. கோப்பைக்குப் பின்னால் ஏழு பேர். நாலாவது ஆளின் மூக்கைப் பார்த்தார், பிறகு என் மூக்கைப் பார்த்தார்.

"அண்ணாத்த, நீயும் ஆடியிருக்கியா! சொல்லவே இல்ல!" அதுவரை நான் சார்.

நான் ஆடவில்லை. பைகளுக்குக் காவல் இருந்தேன். நாலாம் எண் பனியனில் ஆடியவர் கடப்பாக்கத்துக்காரர், மீன்பிடிக் குடும்பம், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கடைசி நிமிடத்தில் எதிரணியிலிருந்து பாடி வந்தவனின் கணுக்காலை அவர் பிடித்த பிடியில்தான் கோப்பை எங்களுக்கு வந்தது. அதே பிடியில் அவருடைய முழங்கால் போயிற்று. மாற்று ஆட்டக்காரர்கள் இருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பனியன் சங்கத்துச் சொத்து என்பதால், வேனில் ஏற்றுமுன் பயிற்சியாளர் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார். புகைப்படக்காரர் ஏழு பேர் வேண்டும் என்றார். அந்த ஈரப் பனியன் என் தலைவழியே இறங்கியது.

இதைச் செயலாளரிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நான் சொன்னது, "அதெல்லாம் பழைய கதை." அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அட்டையில் நாலாவதாக என் பெயரை என் கையாலேயே எழுதினேன். திறப்பு விழாவில் சால்வை போட்டார்கள். ஜரிகை கழுத்தில் அரித்தது. வேறெங்கும் உறுத்தவில்லை என்பதை இப்போது நினைத்தால்தான் உறுத்துகிறது.

மறுவாரம் அந்த நாலாம் எண்காரர் வந்தார். படம் மாட்டியிருக்கிறது என்று யாரோ சொல்ல, காலைச் சாய்த்துச் சாய்த்து, மனைவியோடு, இரண்டு பஸ் மாறி. என்னைப் பார்த்து, "இன்னா மச்சான், தொப்ப போட்டுட்ட" என்றார்.

அவர் மனைவி நேராகப் படத்திடம் போனார். எழுத்துக் கூட்டி ஏழு பெயர்களையும் படித்தார்.

"உன் பேரு இல்லியேய்யா. நீ எங்க கீற?"

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செயலாளரும் இன்னும் நாலு பேரும் பக்கத்தில் நின்றார்கள்.

"நாலாவது நான்தான். பேரு எழுதனவன் மாத்தி எழுதிட்டான்."

"மூக்கு வேற மாரி கீது?"

"அப்போ ஒல்லியா இருந்தேன்."

அந்த அம்மா விடவில்லை. "கால் ஒடிஞ்ச அன்னிக்கு எடுத்ததுன்னு சொன்ன. நல்லா நின்னுகினு கீற?" என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். இது இவருதானா?"

என் மானத்தைக் காப்பாற்ற அவர் தன் முகத்தையே விட்டுக்கொடுத்திருந்தார். நானும் அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "ஆமாம்மா, அவர்தான்" என்றேன்.

"அப்ப அந்தப் பிடி, கால் ஒடிஞ்சது எல்லாம் சும்மா வுட்ட கதையா? முப்பது வருசமா இத்தயே சொல்லிகினு கீற!"

அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவரும் சிரித்தார். எனக்குத்தான் அப்போது புரிந்தது: நான் கொடுத்தது ஒரு முகம், பறித்தது அந்தப் பிடி. அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன். மனைவி முன்னால் நடக்க, அவர் மெல்லக் கேட்டார்: "அன்னிக்குப் பனியன் உனக்கு டைட்டா இருந்துதா?"

"தொளதொளன்னு இருந்துது" என்றேன். தலையாட்டிக்கொண்டார். அதில் அவருக்கு ஏதோ திருப்தி.

மறுநாள் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடியும் சார் ஆனேன். புது அட்டை எழுதி வைத்தேன்: நாலாம் எண்காரர் இந்தப் படத்தில் இல்லை, அன்று அவர் பிடித்த பிடியில்தான் கோப்பை வந்தது, படம் எடுக்கும்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், அவருடைய பனியனில் நிற்பது பைகளுக்குக் காவல் இருந்தவன். நான் எழுதியதில் யாரும் சிரிக்காத முதல் வரிகள் இவை.

பிறகு கடப்பாக்கத்துக்கு போன் செய்தேன். அந்த அம்மாதான் எடுத்தார். முழுவதும் சொன்னேன்.

"இன்னா சார் நீங்க? அன்னிக்கு ஆமான்னீங்க, இன்னிக்கு இல்லன்றீங்க. எத நம்பறது?"

ஒருமுறை வாருங்கள், அதே படத்துக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன், மூக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அன்னிக்கு வந்துட்டுப் போனதுலேந்து அவரால பஸ் படி ஏற முடியல சார்" என்றார்.