எங்கள் வீட்டுக்கு மேலே வட்டமடித்த விமானம்

கனடாவின் விட்பியில், எங்கள் தெருவில் பனிக்காலக் காலைகளில் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நிற்பவள் நான் ஒருத்திதான். அயலவர்களின் கார்கள் கராஜுக்குள் சூடாக நிற்கும். எங்கள் கராஜுக்குள் ஒரு விமானத்தின் இறக்கை, ஹீற்றர் வெப்பத்தில், பழைய கம்பளியைப் போர்த்துக்கொண்டு சொகுசாகப் படுத்திருந்தது. ஏழெட்டுப் பனிக்காலம் இப்படியே போயிற்று. ஸ்காபரோவில் கலியாண வீடுகளுக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் இதுதான் கதை. “உங்கட அவர் மெய்யாவே பிளேன் செய்யிறாரோ? உது என்ன பிள்ளை விளையாட்டு?” என்று ஒரு அன்ரி கேட்டார். என்ன விளையாட்டு என்று எனக்கும் தெரியாததால் பாயசத்தை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள். இந்த நாட்டில் ஒருவர் தன் வீட்டில் வைத்துத் தன் கையாலேயே ஒரு சிறிய விமானத்தைச் செய்து பறக்கலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. வேலையின் பெரும்பகுதியை அவரே செய்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் செய்கிறது. இறக்கையைத் தகட்டால் மூடுமுன் ஒரு பரிசோதகர் ரோச் லைற்றோடு வந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். என் கணவர் ரவீந்திரனுக்குப் பிக்கரிங்கில் இரும்புக் கடைசல் பட்டறையில் வேலை. ஊரில் போர்க்காலத்தில் சிறுவனாக இருந்தபோது, குண்டுபோடும் பொம்மர் வந்தால் எல்லோரும் பதுங்குகுழிப் பங்கருக்குள் குனிந்திருக்க, இவர் மட்டும் வாசலால் தலையை நீட்டி அண்ணாந்து பார்ப்பாராம். மாமி காதைப் பிடித்து உள்ளே இழுப்பாராம். அந்தத் தலை இன்னும் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்று நான் இவரைப் பகிடி பண்ணுவேன்.

அந்த விமானத்தில் என் கையும் இருக்கிறது. அலுமினியத் தகடுகளைப் பொருத்த ஆயிரக்கணக்கான ரிவெட் ஆணிகள் அடிக்க வேண்டும். வெளியே ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிக்க, உள்ளே மற்றவர் ஒரு இரும்புக் கட்டியை அதன் வாலில் முண்டு கொடுத்துப் பிடிக்க வேண்டும். தனி ஆளால் முடியாத வேலை. இவருடைய பெரிய கை இறக்கைக்குள் நுழையாது. என் கை நுழையும். முதல் நாள் அந்தத் துப்பாக்கி படபடவென்று வெடித்தபோது கட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டேன். இவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மறுநாள் தொடக்கம் ஒவ்வொரு ஆணிக்கும் முன்னால் “அடிக்கப் போறன்” என்பார். நான் “ஓம்” என்பேன். அதன் பிறகே விசையை அழுத்துவார். எங்கள் கலியாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசியது இந்த மூன்று சொற்களைத்தான். நான் பிடித்தது தகரம், விமானம் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு எஞ்சின் பூட்டிய பிறகு கராஜ் பக்கமே போகவில்லை.

ஏனென்று சொல்கிறேன். ஆகாயத்தில் சத்தம் கேட்டால் என்ன செய்வதென்று எங்களுக்கு நடக்கப் பழகும்போதே பழக்கினார்கள். நேராகப் போகிற விமானம் வேறு யாருக்கோ போகிறது, உலையை இறக்க வேண்டியதில்லை. வட்டமடித்தால் அது எங்களைப் பார்க்கிறது, பங்கருக்கு ஓட வேண்டும். ஒரு பக்கம் சரிந்து தாழப் பதிந்தால் ஓட நேரமில்லை, நின்ற இடத்திலேயே குப்புற விழ வேண்டும். என் தம்பி பாலன் ஓடிவந்தான். அன்றைக்கு அது மூன்று தரம் வட்டமடித்துவிட்டுப் பதிந்தது. அவன் முற்றத்தின் நடுவில் வெள்ளைச் சட்டையோடு வந்துகொண்டிருந்ததை நான் பங்கர் வாசலில் நின்று பார்த்தேன். அவன் வந்து சேரவில்லை. மேலே இருந்தவனுக்கு அந்தச் சட்டை தெரிந்திருக்குமா என்ற கேள்வியைக் கனடாவுக்கும் கொண்டு வந்துவிட்டேன். ஒருவரிடமும் கேட்டதில்லை.

விமானம் முடிந்தது. விட்பிக்கு வடக்கே சோளக் காணிகளுக்கு நடுவில் இருக்கும் புல் ஓடுபாதைக்கு அதை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே இவரைப் போலவே சொந்தமாக விமானம் செய்த ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் பலர் இருக்கிறார்கள். புது விமானத்தில் தொடக்கத்தில் தனியாகத்தான் பறந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகே ஆளேற்றலாம் என்பது விதி. அந்தத் தனிப் பறப்பு முடிகிற நாளில், செய்தவர் தன் வீட்டுக்கு மேலே வட்டமடித்து, இறக்கையை இரண்டு பக்கமும் சரித்துக் குடும்பத்துக்கு வணக்கம் சொல்வது அவர்களுடைய வழக்கம். இவருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. எனக்குச் சொல்லாமல் செய்து என்னை ஆச்சரியப்படுத்த எண்ணியிருக்கிறார்.

ஆனி மாதத்துச் சனிக்கிழமை. பின்வளவில் நான் தக்காளிக் கன்று நட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு லிண்டா வேலிக் கதவால் வந்து பேசிக்கொண்டிருந்தார். தனியாக வாழும் வயதான பெண். சத்தம் கேட்டது. அது வட்டமடித்தது. மறுபடியும் வட்டமடித்தது. பிறகு ஒரு பக்கம் சரிந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை. லிண்டாவின் தோளைப் பிடித்து இழுத்து, தக்காளிப் பாத்திக்குள் குப்புறக் கிடத்தி, அவர் மேல் நான் கிடந்தேன். கிடந்தபடி “பாலன், விழடா! விழடா!” என்று கத்தினேனாம். லிண்டாதான் பிறகு சொன்னார், அந்தச் சொற்களின் பொருள் தெரியாமலே.

நல்லகாலம், அவருக்கு அடி ஒன்றும் படவில்லை. அடுத்த நாள் மஃபின் சுட்டுக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “உன் கணவர் விழுந்துவிடுவார் என்று பயந்துவிட்டாய், பாவம்,” என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். நான் ஓமென்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல? இங்கே தாழப் பறக்கும் விமானத்தைக் கண்டால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகுமோ என்று மனம் பதறுகிறது. கீழே நிற்பவருக்காகப் பதறுவது அவருக்குத் தெரியாத சங்கதி. தெரியாமலே இருக்கட்டும், அவர் நல்ல மனுஷி.

இவர்தான் ஒடிந்துபோனார். இரண்டு நாள் சாப்பாடு சரியில்லை.

“வித்துப்போடுவம், வதனி. எனக்கு வேண்டாம்.”

“வட்டமடிக்கேக்கை உங்களுக்கு ஒண்டும் நினைவு வரேல்லையோ?”

“இல்லை. நானும் பங்கருக்குள்ள கிடந்தவன்தானே. எப்பிடி வராமல் போச்சுதெண்டு தெரியேல்லை.” பிறகு சொன்னார்: “மேல இருக்கேக்கை அது வேற மாதிரி இருக்குமப்பா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு மாதிரி என்றால் என்ன மாதிரி? பயப்படுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத மாதிரியா? தெரிந்தும் பொருட்படுத்தாத மாதிரியா? பாலனைக் கொன்றவனும் தன் வீட்டில் போய் இதைத்தான் சொல்லியிருப்பானா? அந்த எண்ணத்தை என் புருஷன் மேல் வைத்ததற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. அவரை விட்டால் எனக்கு இந்த நாட்டில் யார்? ஆனாலும் எண்ணம் போகவில்லை. அதை வைத்துக்கொண்டு அவரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட முடியாது என்று பட்டது.

“விக்க வேண்டாம்,” என்றேன். “என்னை ஏத்திக்கொண்டு போங்கோ. எங்கட வீட்டுக்கு மேல.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “வட்டமடிக்கவோ?”

“ஒருக்கா. லிண்டாவுக்குச் சொல்லிப்போட்டுப் போவம்.”

அடுத்த ஞாயிறு ஏறினேன். அருகருகாக இரண்டே இருக்கைகள். எங்கள் கையால் அடித்த ஆணிகள் இறக்கையில் வரிசையாக மின்னின. சோளக் காணிகள் கீழே இறங்கிப் போயின, தெற்கே ஏரி நீலமாக எழும்பி வந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் தெருவின் சாம்பல் கூரைகள் வந்ததும் விமானத்தை மெல்லச் சரித்தார். என் பக்க ஜன்னல் முழுவதும் எங்கள் பின்வளவாயிற்று.

“ஆள் தெரியுதோ?” என்று ஹெட்செற்றில் கேட்டார். ஏன் வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வேலிக்குப் பக்கத்தில் லிண்டா, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

“ஓம்,” என்றேன். “வடிவாத் தெரியுது. கையாட்டுறதும் தெரியுது.”

அவர் விமானத்தை நிமிர்த்தி ஏரிப் பக்கம் நேராக விட்டார். அழுகிறார் என்பது மூச்சில் கேட்டது. நான் திரும்பி, லிண்டா புள்ளியாகும்வரை ஜன்னலில் கையை வைத்து அசைத்துக்கொண்டிருந்தேன். மற்றக் கையால் முழங்கால்கள் இரண்டையும் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, பங்கருக்குள் இருப்பது போலவே இருந்தேன்.