புரட்டாசியில் ஒரு ஃபெரெட்

என் கணவர் கடைசிவரை அதைக் கீரி என்றுதான் சொன்னார். அது கீரி இல்லை, ஃபெரெட்; கீரி மாதிரியே நீண்ட உடம்புள்ள வெளிநாட்டு வளர்ப்புப் பிராணி. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஆசைப்பட்டு வாங்கினாள். நாற்றமடிக்கிறது என்று வீட்டு ஓனர் சத்தம் போட்டதும் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் விட்டாள்.

"அதுக்கு வெயில் ஆகாதும்மா. நம்மூர்க் குளுருதான் ஒத்துக்கும். கறி மட்டும் தவறாம போட்டுரு. சோறு கீறு போட்டா அதுக்குச் செரிக்காது" என்றாள். போடுகிறேன் கண்ணு என்று வாக்குக் கொடுத்தேன். அவள் பஸ் ஏறியதும் அவர் சொன்னார்: "வேலில போற ஓணானப் புடிச்சு வேட்டிக்குள்ள உட்டாப்புல இருக்குது."

நான்கு அறைகளை டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள் நாங்கள். உபரி மெத்தைகளும் கம்பளிகளும் அடுக்கியிருக்கும் பின்னறையை அதற்கு ஒதுக்கினேன். பகலெல்லாம் கம்பளிக்குள் தூங்கும். எழுந்தால் முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளும்; தொண்டைக்குள் கொக்கொக்கென்று ஒரு சத்தம் போடும். அது சிரிப்பு என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்துப்போய் ஒளித்துவைக்கும். தங்க வந்தவர்களின் சாக்ஸ் தினமும் ஒன்று காணாமல் போகும். நான் கம்பளிக்கடியில் தேடி எடுத்து, மழையில் விழுந்து கிடந்தது என்று பொய் சொல்லிக் கொடுப்பேன். மகள் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருந்தாள். என் வாயில் நுழையவில்லை. வா சாமி, தின்னு சாமி என்றுதான் கூப்பிட்டேன். வீட்டில் என் குரல் கேட்டு ஓடிவர அப்போது அது ஒன்றுதான் இருந்தது.

ஆவணி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. புரட்டாசி பிறந்தது. சேலத்துப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த மாதம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சமையல்கட்டில் முட்டை ஓடுகூட இருக்கக் கூடாது. அவர் நெற்றியில் நாமம் போட்டு, சொம்புக்கும் நாமம் போட்டு, சனிக்கிழமை நான்கு வீட்டில் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கிவருவார். மற்ற பதினோரு மாதமும் லெக் பீஸ் யாருக்கு என்று சண்டை போடுகிற மனுஷன்தான்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா கைகொடுத்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்கள். கோழியை வேகவைத்து, மதியமும் சாயங்காலமும் எங்கள் பின்வாசலுக்கே கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போவார்கள். என் கணவர் கடைக்குப் போன நேரம் பார்த்துத்தான். இரண்டு வாரம் இப்படி ஓடியது.

மூன்றாம் சனிக்கிழமை தளிகை. சாமி படத்துக்கு முன்னால் இலை போட்டு, பொங்கலும் வடையும் வைத்து, மாவிளக்கு ஏற்றியாகிவிட்டது. அவருடைய அக்கா குடும்பமும் வந்திருந்தது. கற்பூரத்தையும் மீறி ஒரு நாற்றம். அக்காதான் படத்துக்குப் பின்னால் கையை விட்டார்கள். மூன்று கோழித்துண்டுகள், நூல் நூலாகக் காய்ந்து கிடந்தன. பத்திரமான இடம் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "மாசம் முடியற வரைக்கும் இந்த ஊட்டுக்குள்ள கறி வரப்படாது. நாம என்ன திங்கறமோ அதையே அதுவும் திங்கட்டும். பசிச்சா தன்னால திங்குது" என்றார். அக்கா தலையை ஆட்டினார்கள். "எங்கூட்டு நாயே ஒரு மாசம் தயிர்சோறுதான் திங்குது" என்றார்கள்.

அன்று சாயங்காலமே டீச்சரம்மா கேட்டார்கள்: "ஏன் கண்ணு, மாசம் முடியற வரைக்கும் அது எங்கூட்ல இருக்கட்டுமே?"

இந்த இடத்தில் அவரைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. வேண்டாம் என்று சொன்னது நான். ஒரு சின்னப் பிராணிக்குத் தீனி போட வக்கில்லாமல் அடுத்த வீட்டில் கொண்டுபோய் விட்டோம் என்று மகள் காதுக்குப் போகுமே என்ற கௌரவம். "பரவாயில்லீங்க, ரெண்டு வாரந்தானுங்களே" என்றேன்.

தயிர்சோற்றை அது முகர்ந்துவிட்டுத் தும்மியது. இட்லியைப் பிட்டு வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டு காலி. எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவருக்கோ தான் சொன்னது பலித்துவிட்ட பெருமை. "நான் சொன்னனா இல்லியா?" என்றார். காலையில் இட்லி, மதியம் தோசைத்துண்டு, ராத்திரி மறுபடி இட்லி. வைத்ததெல்லாம் காலியானது. பாலும் கொஞ்சம் நக்கியது. மகள் போனில் கேட்டபோது, "நல்லாச் சாப்புடறான் கண்ணு" என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதன்கிழமை துள்ளல் நின்றது. வெள்ளிக்கிழமை பின்னங்கால்கள் இழுபட்டன. கையில் எடுத்தால் எலும்பு குத்தியது. இவ்வளவு தின்கிற பிராணி ஏன் இப்படி வற்றுகிறது என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். எனக்கு அறைக் கணக்கும் பெட்ஷீட்டும் பெரிதாக இருந்தன. மறுநாள் நான்காம் சனிக்கிழமை. காலையில் வாயோரம் எச்சில் வழிய, கண் ஒரே இடத்தில் நின்றது. "ஏனுங்க, சேலத்துக்குக் கொண்டுபோய் டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க" என்றேன். "பூசைய முடிச்சுட்டுப் போலாம்" என்றார். நான் வடைக்கு ஆட்டப் போய்விட்டேன். அந்தக் காலை முழுக்க நான் வடை சுட்டேன்.

மதியம் பஸ் ஏறினோம். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போட்டிருப்பார்கள். பதினொன்று என்று எழுதிய இடத்தில் துண்டுக்குள் ஒரு உதறல். அப்புறம் கனம் மட்டும்தான் இருந்தது. பஸ்ஸை நிறுத்தி இறங்கிச் சாலையோரம் நின்றோம். மேலே போகிற பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவர் நாமத்தைத் துடைக்காமல் என் பக்கத்தில் நின்றார். வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிக்கடியில் புதைத்தோம். வியாதி வந்து செத்துப்போய்விட்டது என்று மகளிடம் சொன்னோம். அழுதாள்.

ஐப்பசி முதல் ஞாயிறு கறிக்கடையில் கூட்டம் நெரிந்தது. அவர் ஒன்றரைக் கிலோ கோழி வாங்கிவந்தார். நான் சமைத்தேன். நானும் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தீபாவளிக்கு எல்லா அறையும் புக்கிங். உபரி மெத்தைகளை எடுக்கப் பின்னறையைத் திறந்தேன். அடி மெத்தையை இழுத்ததும் சுவரோரம் பொலபொலவென்று கொட்டியது. இட்லித் துண்டுகள். தோசைத் துண்டுகள். காய்ந்து கல்லாகிக் கிடந்தன. ஒன்றையும் தின்னாமல் அது அங்கே ஒளித்துவைத்திருக்கிறது. எட்டு நாள் நான் வைத்தது அத்தனையும் அங்கே இருந்தது. முறத்தில் அள்ளினேன். முறம் நிறைந்தது.

வாசலில் நின்று பார்த்தவர், "என்னது அது?" என்றார்.

"நம்மூட்ல வெரதம் முழுசா இருந்தது அது ஒண்ணுதானுங்க" என்றேன்.

அவர் முறத்தையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். தீபாவளிக்கு லீவு இல்லை, வர முடியாது என்றாள். போனை வைக்கப் போகும்போது, "அவன் கடைசி வரைக்கும் சாப்பிட்டானாம்மா?" என்று கேட்டாள்.

முறம் இன்னும் என் காலடியில்தான் இருந்தது.

"தட்டு காலியாத்தான் இருந்துச்சு கண்ணு" என்றேன்.