எட்டாவது திருகு

போன வாரம் ஒரு பழைய கைப்பையைத் தூக்கிப்போடலாம் என்று கவிழ்த்தேன். கசங்கிய பஸ் டிக்கெட்டுகள், மூடியில்லாத பேனா, கடைசியாக ஒரு டிரம் சாவி விழுந்தது. விரல் நீள இரும்பு, தலையில் ஒரு குறுக்குக் கம்பி, அவ்வளவுதான். உள்ளங்கையில் மூடித் திறந்தேன். துரு வாசனை.

பி.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு பொம்மையார்பாளையத்தில் ரஹீம் பாய் பட்டறையில் சேர்ந்தேன். குவைத்தில் மேடை ஒலிபெருக்கி வேலை பார்த்துத் திரும்பியவர் அவர். கலைந்துபோன மெல்லிசைக் குழுக்களின் பழைய டிரம்களுக்கு உயிர் கொடுப்பார். போன் எடுக்க, மெயில் எழுத என்றுதான் என்னை வைத்தார். என் காது நன்றாக இருப்பதைப் பார்த்து மூன்றாம் மாதமே சாவியைக் கொடுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடுவேன். பாய் என்னை 'டிகிரி மேடம்' என்பார். அது கிண்டல் என்று புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கார் சக்கரம் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நட்டை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ளது. டிரம்மும் அப்படித்தான். விளிம்பைச் சுற்றி எட்டுத் திருகு. அரைச் சுற்று இங்கே, அரைச் சுற்று எதிரே. ஒவ்வொரு திருகின் பக்கத்திலும் தட்டிக் கேட்டால் எட்டு இடத்திலும் ஒரே ஒலி வர வேண்டும்.

அனுமந்தையிலிருந்து தனம் அக்கா ஒரு பித்தளை டிரம்மைக் கொண்டுவந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத அவர் கணவர் வாசித்தது. கன்றுத்தோல் போட்ட பழைய காலத்து டிரம். குச்சி பட்டுப் பட்டு நடுவில் கறுத்திருந்தது.

"எத வேணா மாத்து பாப்பா. அந்தத் தோல மட்டும் மாத்திடாத. அவரு அடிச்ச தழும்பு அது."

பித்தளையைத் துலக்கினேன், திருகுகளுக்கு எண்ணெய் விட்டேன். தோல்தான் கடல்காற்றில் ஈரம் குடித்துத் தொய்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா வருவதாகப் பேச்சு. வியாழன் சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை வந்தது. உப்பு ஈரத்தை இழுக்கும், படித்திருக்கிறேனே! உப்பளத்தில் வேலை செய்யும் அம்மா முந்தின நாள் அங்கிருந்து கொண்டுவந்த புது உப்பை ஒரு துணிப்பையில் கட்டினேன். டிரம்மின் அடித்தோலைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, பையை உள்ளே அந்தத் தழும்புத் தோலின் மேலேயே வைத்துவிட்டுப் போனேன். பெருமையாகத்தான் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் பை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தோலின் ஒரு ஓரம் ஊறிப்போய், அந்தப் பக்கத்துத் திருகில் துரு பூத்திருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். உப்புப் பாத்தியில் நின்றுகொண்டே எடுத்தார்.

"எந்த உப்ப வெச்ச?"

"நீ கொண்டாந்ததுதாம்மா. புதுசு."

"அடிப்பாவி! புது உப்பு தண்ணி வுடும்டி. அம்பாரத்துல கெடந்து வடிஞ்சி காஞ்சாதான் உப்பு. இதுகூடவா தெரியாது?"

"நீதான என்ன உப்பளத்துல காலே வெக்க வுடல!"

"நீ படிக்கணும்னுதானடி வுடல" என்றார். பிறகு, "நல்ல தண்ணில தொடச்சி வுடு" என்று வைத்துவிட்டார்.

துடைத்தேன். அப்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்கியது. ஊறிய தோல் காயும்போது சுருங்கும். திருகைத் தளர்த்தாவிட்டால் கிழியும். ஏழு திருகு தளர்ந்தது. எட்டாவது அசையவில்லை. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார். ஷீட் கூரை அனலாய் இறங்கியது. சீக்கிரம் காய்ந்துவிடுமோ என்று மின்விசிறியை நிறுத்தினேன். விரல் நுனியால் அந்த ஓரத்தைத் தட்டிப் பார்த்தேன். சுருதி ஏறியிருந்தது, தோல் இறுகுகிறது. பத்து நிமிஷம் கழித்து இன்னும் ஏறியது. இனி அழுத்தித் திருப்பினால் திருகு முறியும், விட்டால் தோல் போகும். வியர்வையில் சாவி வழுக்கியது. புடவை... இல்லை, துப்பட்டா, அதைச் சுற்றிப் பிடித்து முழு பலத்தையும் போட்டேன்.

டக்.

திருகு விட்டது. அதோடு ஒரு மெல்லிய சத்தமும் கேட்டது. விளிம்பு வளையத்தைத் தூக்கிப் பார்த்தேன். நகக்கண் அளவுக் கிழிசல். வளையத்தைப் போட்டால் மறைந்துவிடும். யாருக்கும் தெரியாது.

மூன்று மணி வரை அந்த 'யாருக்கும் தெரியாது' என்னோடு உட்கார்ந்திருந்தது. தனம் அக்கா வந்தார், பாயும் பின்னாலேயே வந்தார். டிரம்மை அக்கா மடியில் வைத்ததும் சொல்லிவிட்டேன்.

"கிழிச்சிட்டேங்க்கா. கொஞ்சம்தான். வளையத்துக்கு அடியில."

அக்கா தோலைத் தடவினார். "அடிச்சா தாங்குமா?"

"மெதுவா அடிச்சா தாங்கும்."

"மெதுவாவா? அவரு மெதுவா அடிச்சதே இல்லியே" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் போன பிறகு பாய், நான் கழற்றி மாற்றியிருந்த துருப்பிடித்த அந்தத் திருகை உருட்டிக்கொண்டே கேட்டார். "இன்னாமா டிகிரி மேடம், உப்பளத்துக்காரி நீ. உப்புகிட்டயே ஏமாந்துட்டியே?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானாகவே அம்மாவோடு உப்பளத்துக்குப் போனேன். அம்மா செருப்பைக் கழற்றச் சொல்லிக் கை காட்டினார். பாதம் எரிந்தது. நான் அங்கே கால் வைத்தது அந்த ஒரு நாள்தான். அந்தப் பாத்தியில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். பாயின் பட்டறை இருந்த இடத்தில் காபி கடை. நான் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன், உப்புப் பாடம் வந்தால் "எந்த உப்பு?" என்று முதலில் கேட்பேன்.

அந்தத் தோலும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தனம் அக்கா போன் செய்தார்.

"மவன் அவன் பிரெண்டு கல்யாணத்துல வாசிச்சான் பாப்பா. ரெண்டாவது பாட்டுலயே கிழிச்சிட்டான். அப்படியே அப்பன் மாதிரி!"

இந்த முறை அவர் சிரித்தது எனக்கு நன்றாகவே கேட்டது. உள்ளங்கையில் இருந்த சாவியை மறுபடி பைக்குள் போட்டேன். பையைத் தூக்கிப்போடவில்லை.